நாள்காட்டியில் இல்லாத நம் நாட்கள்

(கிள்ளான் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் மே மாதத்தைத் திருப்பிப் பாருங்கள். முதல் தேதி தொழிலாளர் தினம். விசாக தினம் இருக்கும். 16-ஆம் தேதி ஆசிரியர் தினம். தமிழ் நாள்காட்டியாக இருந்தால் அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, ராகு காலம் எல்லாம் இருக்கும். குதிரைப் படம் போட்ட காலண்டராக இருந்தால் பந்தய நாள்கூட இருக்கும். குதிரை ஓடிய நாளுக்கு இடம் உண்டு. நம் பாட்டன் சுடப்பட்ட நாளுக்கு இடம் இல்லை.

மே 3, மே 4, மே 16. இந்த மூன்று தேதிகளும் நம்முடையவை. உங்களில் எத்தனை பேருக்கு இவை தெரியும்? தெரியாமல் போனது உங்கள் குற்றம் அல்ல. பள்ளிப் பாடத்தில் இவற்றை யாரும் நமக்கு விரிவாகச் சொன்னதில்லை. அதனால்தான் இன்று இதைப் பேச வந்திருக்கிறேன்.

கிள்ளானில் நடந்தது

1941. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர். மலாயா ரப்பருக்கு நல்ல விலை. கம்பெனிகளுக்குக் கொள்ளை லாபம். பால்மரம் வெட்டிய தமிழனுக்கோ நாள் கூலி ஏறத்தாழ 50 காசு. அதே ரப்பர் மரத்தை வெட்டிய சீனத் தொழிலாளிக்கு அதைவிடக் கூடுதல். ஒரே மரம், ஒரே பால், இரண்டு கூலி.

கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். தமிழ் நேசன் பத்திரிகையில் பணிபுரிந்த ஆர்.எச். நாதன் அவர்களுக்குத் துணையாக நின்றார். வேலைநிறுத்தம் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்குப் பரவியது. அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? தயவுசெய்து இந்தப் பட்டியலைக் கவனமாகக் கேளுங்கள்.

சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும். கொடுமை செய்யும் கிராணிமாரை மாற்ற வேண்டும். எங்கள் பெண்கள் மீது கை வைப்பது நிற்க வேண்டும். சொந்தபந்தம் எங்களைப் பார்க்கத் தோட்டத்துக்குள் தடையின்றி வர வேண்டும். பேச, கூட, சங்கம் அமைக்க உரிமை வேண்டும். குறையைச் சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைக் கவனித்தீர்களா? உழைத்துச் சேர்த்த காசில் ஒருவன் சைக்கிள் வாங்குகிறான். துரையைக் கண்டதும் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமைக்காக நம் முன்னோர் கூலியை இழந்து போராடினார்கள். அவர்களுக்கு வயிற்றுக் கவலை மட்டும்தான் இருந்தது என்று இனி யாரும் சொல்லக் கூடாது. மானமும் அந்தப் பட்டியலில் இருந்தது. கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்களும் அவர்களேதான். தமிழன் என்றாலே குடிகாரன் என்று பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு வரியை எடுத்துக் காட்டுங்கள்.

அந்த மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். மே 16-இல் சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டு ராணுவம் இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர்கள் மாண்டார்கள். பலர் சிறையில் அடைக்கப்பட்டார்கள், பலர் கப்பலேற்றப்பட்டார்கள். ஏழு மாதத்தில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். கிள்ளான் கதை அதற்கடியில் புதைந்து போனது.

மற்ற இரண்டு தேதிகள் 1949-ஐச் சேர்ந்தவை. எஸ்.ஏ. கணபதி தஞ்சைப் பகுதியில் பிறந்து சிறு வயதிலேயே இங்கு வந்தவர். எல்லா இனத் தொழிலாளர்களும் சேர்ந்திருந்த அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது, சம்மேளனத்தின் பதிவும் ரத்தானது. துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்பது அவசரகாலச் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் கணபதிக்கு மரண தண்டனை விதித்தார்கள். கருணை காட்டும்படி இந்திய அரசாங்கம் கேட்டும் பயன் இல்லை. 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல் நாள், மே 3-இல், இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அயர்லாந்தை ஏன் இழுக்கிறேன்?

இப்போது நம் ஊரை விட்டுச் சற்றுத் தூரம் போவோம். அயர்லாந்து என்ற தீவு இங்கிலாந்துக்கு மேற்கே இருக்கிறது. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம் பட்டணத்துக் கான்வென்ட் பள்ளிகளிலும் லா சால் பள்ளிகளிலும் ஐரிஷ் கன்னியரும் பிரதர்களும் பாடம் நடத்திய காலம் இருந்தது. உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதைவிடப் பெரிய சம்பந்தமும் உண்டு. நம்மை ஆண்ட அதே கொடிதான் அவர்களையும் ஆண்டது.

அவர்கள் நிலத்தில் பெரும்பகுதி பிரபுக்கள் கையில் இருந்தது. அவர்கள் அதில் குத்தகைக்காரர்கள். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் செத்தார்கள். இன்னும் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறினார்கள். பஞ்சமும் கப்பலும் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் 1798-இல் எழுந்தார்கள், தோற்றார்கள். 1803-இல் எழுந்தார்கள், தோற்றார்கள். 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்களன்று டப்ளினில் மீண்டும் எழுந்தார்கள். ஆறே நாளில் அதுவும் தோற்றது. ஏறத்தாழ 485 பேர் மாண்டார்கள், அவர்களில் பாதிக்கு மேல் பொதுமக்கள். பிடிபட்டவர்களை வீதியில் நடத்திப் போனபோது டப்ளின் மக்களில் பலர் அவர்களைத் திட்டினார்கள். ஊரைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஏசினார்கள்.

பிறகு என்ன நடந்தது? மே 3-ஆம் தேதி காலையில் சுட்டுக் கொல்லும் வேலை தொடங்கியது. முதல் நாளே பேட்ரிக் பியர்ஸ் என்ற பள்ளி ஆசிரியரைச் சுட்டார்கள். மே 4-இல் ஜோசப் பிளங்கெட் என்ற கவிஞர் உட்பட நால்வர். மே 12-இல் ஜேம்ஸ் கனோலி. அவர் 1913-இல் டப்ளின் முதலாளிகள் ஏறத்தாழ 20,000 தொழிலாளர்களைக் கதவடைத்து வெளியே தள்ளியபோது முன்னின்று போராடிய தொழிற்சங்கத் தலைவர். காயத்தால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டார்கள்.

தேதிகளைக் கவனித்தீர்களா? மே 3, மே 4. பியர்ஸ் சுடப்பட்ட அதே தேதி வீரசேனனுக்கு. பிளங்கெட் சுடப்பட்ட அதே தேதி கணபதிக்கு. இடையில் 33 ஆண்டுகள், ஆண்டவன் ஒருவனே. அயர்லாந்துப் பிள்ளைகள் அந்தத் தேதிகளைப் பள்ளியில் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு நம் தேதிகள் தெரியாது.

நான் துப்பாக்கியைப் புகழ வரவில்லை. நம் வழி சட்டத்தின் வழி, அமைதியின் வழி. நான் பேச வந்தது தோற்றுப்போன ஒரு நாளை ஒரு மக்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதைப் பற்றி.

நினைவைத் தொடங்கியது யார்?

அரசாங்கம் விழா எடுத்ததால் அந்த நாள் நிலைத்தது என்று நினைக்காதீர்கள். 1916-இல் அரசாங்கம் எதிரியின் கையில் இருந்தது. கூட்டம் கூடத் தடை. அப்போது குடும்பங்கள் என்ன செய்தன? இறந்தவர்களுக்காகத் தேவாலயத்தில் பூசை வைத்தார்கள். நம் வழக்கில் சொன்னால் முப்பதாம் நாள் காரியம். பூசைக்குப் போவதை யார் தடுக்க முடியும்? அந்தப் பூசைகளுக்கு வந்த கூட்டம் நாளுக்கு நாள் பெருகியது. இறந்தவர் படங்கள் வீடு வீடாகப் போயின. கணவனை இழந்த பெண்களே முன்னின்று, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பண உதவி திரட்டினார்கள். முதலில் ஏசிய அதே ஊர், சில மாதத்தில் படத்தைச் சுவரில் மாட்டியது.

ஆக, நினைவுநாளைத் தொடங்கியவர்கள் தாய்மார்கள், மனைவிமார்கள். அதற்கு மண்டபம் தேவைப்படவில்லை, மந்திரி தேவைப்படவில்லை. திதி கொடுக்கத் தெரிந்த நமக்கு இது கடினமா?

ரப்பர் மரத்தின் கீழ் ஒரு ஐரிஷ்காரர்

1916-க்காகக் கொல்லப்பட்ட 16 பேரில் கடைசியானவர் ரோஜர் கேஸ்மென்ட். இவரை நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்தவர். ஆப்பிரிக்காவின் காங்கோவில் ரப்பர் சேகரிக்க மக்களை எப்படி வதைத்தார்கள் என்று நேரில் போய் விசாரித்தார். அவருடைய அறிக்கை 1904-இல் வெளிவந்தது. 1910-இல் தென்னமெரிக்காவின் புட்டுமாயோ பகுதிக்குப் போனார். அங்கே லண்டனில் பதிவு பெற்ற ஒரு ரப்பர் கம்பெனி காட்டு மக்களைச் சவுக்கால் அடித்தும் பட்டினி போட்டும் பால் எடுக்க வைத்ததை எழுதினார். 1911-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. ரப்பருக்காக வதைபட்டவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் தன் சொந்த நாட்டின் நிலையும் அவருக்குப் புரிந்தது. 1916 ஆகஸ்ட் 3-இல் லண்டன் சிறையில் அவரைத் தூக்கிலிட்டுச் சிறை வளாகத்திலேயே புதைத்தார்கள்.

அயர்லாந்து அவரை அங்கேயே விட்டுவிடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தது. 49 ஆண்டுகள் கழித்து, 1965-இல், அவருடைய எலும்புகளை வாங்கிக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு டப்ளினில் அடக்கம் செய்தது. அயர்லாந்து விடுதலையடைந்த நாடு, கேட்க ஓர் அரசாங்கம் இருந்தது, நமக்கு அது இல்லை என்பது உண்மைதான். ஆனால் கேட்கும் எண்ணமே வராததற்கு அதைக் காரணம் சொல்ல முடியுமா?

இரண்டு சிறைகள்

டப்ளினில் கில்மெய்னம் என்று ஒரு சிறை. பியர்ஸ், பிளங்கெட், கனோலி ஆகியோர் அதன் முற்றத்தில்தான் சுடப்பட்டார்கள். 1924-இல் அதை மூடிவிட்டார்கள். கூரை ஒழுகியது, மரம் முளைத்தது. 1960-இல் சாதாரண மக்கள் தொண்டர்களாகத் திரண்டு, கூலி வாங்காமல், அதைச் செப்பனிடத் தொடங்கினார்கள். 1966 ஏப்ரலில், எழுச்சியின் பொன்விழாவுக்கு, அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இன்று பள்ளிப் பிள்ளைகள் அந்த முற்றத்தில் நின்று பாடம் கேட்கிறார்கள்.

கோலாலம்பூரில் புடு சிறை. 1895-இல் முடிந்த கட்டடம். கணபதி கடைசி மூச்சு விட்ட இடம். 1996-இல் கைதிகளை வேறிடத்துக்கு மாற்றினார்கள். 2010 ஜூனில் சாலையை அகலப்படுத்த மதிலை இடித்தார்கள். 2012-க்குள் சிறை முழுவதும் தரைமட்டம். பழைய வாசல் மட்டும் நிற்கிறது. அந்த நிலத்தில் 2022-இல் பெரிய பேரங்காடி திறக்கப்பட்டது. நாமும் பிள்ளைகளை அழைத்துப் போய், குளுகுளு காற்று வாங்கி, ஐஸ்கிரீம் சாப்பிட்டு வருகிறோம். போகட்டும், அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பழைய வாசல் அருகே இரண்டு நிமிடம் நின்று, இங்கே என்ன நடந்தது என்று பிள்ளையிடம் சொல்லலாம் அல்லவா?

அதே ஏப்ரல் மாதம்

கில்மெய்னம் திறக்கப்பட்ட அதே 1966 ஏப்ரலில் நம் கோலாலம்பூரில் என்ன நடந்தது தெரியுமா? முதல் உலகத் தமிழ் மாநாடு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள் அதை முன்னின்று நடத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர், கத்தோலிக்கப் பாதிரியார், தமிழை உலக அரங்கில் ஏற்றியவர். தமிழுக்காக உலகம் கூடிய முதல் மாநாடு சென்னையிலோ மதுரையிலோ நடக்கவில்லை, தோட்டத் தமிழன் வேர்வை சிந்திய இந்த மண்ணில் நடந்தது. அந்த ஏப்ரலை நாம் ஆண்டுதோறும் நினைக்கிறோமா?

அயர்லாந்துக்காரர்கள் மொழியிலிருந்துதான் தொடங்கினார்கள். 1893-இல் டக்ளஸ் ஹைட் முதலியோர் கேலிக் லீக் அமைத்து, மாலை நேரங்களில் ஐரிஷ் மொழி வகுப்பு நடத்தினார்கள். அந்த ஹைட்தான் 1938-இல் அயர்லாந்தின் முதல் அதிபர் ஆனார். பியர்ஸ் 1908-இல் தாய்மொழிக்கு முதலிடம் தரும் இருமொழிப் பள்ளி ஒன்றைத் திறந்தார். கடனில்தான் அந்தப் பள்ளி ஓடியது. தமிழ்ப்பள்ளி வாரியத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. விடுதலை வந்தது. பள்ளியில் ஐரிஷ் மொழி கட்டாயப் பாடம் ஆனது. ஆனால் 2022 கணக்கெடுப்பில், பள்ளிக்கு வெளியே அந்த மொழியைத் தினமும் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேர்தான். நாட்டின் மக்கள் தொகை 50 லட்சத்துக்கு மேல். விழா எடுத்தார்கள், பலகை வைத்தார்கள், வீட்டில் பேச்சு ஆங்கிலமாகிவிட்டது. நம்மிடம் 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-க்கும் சற்று அதிகம். முதல் தமிழ் வகுப்பு 1816 அக்டோபர் 21-இல் பினாங்கில் தொடங்கியது. 2016-இல் 200-ஆம் ஆண்டு விழா எடுத்தோம், மகிழ்ச்சி. பள்ளி வாசலில் இறக்கிவிட்ட பிள்ளையோடு மாலையில் வீட்டில் எந்த மொழியில் பேசுகிறோம்? விழாவுக்கு அடுத்த நாள்தான் சோதனை.

ஜூன் 16

பிரிக்பீல்ட்ஸ் மக்களுக்கு இதைச் சொல்கிறேன். ஜேம்ஸ் ஜாய்ஸ் என்ற ஐரிஷ் எழுத்தாளர் யுலிசிஸ் என்று ஒரு நாவல் எழுதினார். 1922-இல் வந்தது. விளம்பரம் பிடித்துப் பிழைக்கும் ஒரு சாதாரண மனிதன் 1904 ஜூன் 16-இல் டப்ளின் தெருக்களில் சுற்றும் கதை. 1954-இல் சில எழுத்தாளர்கள் குதிரை வண்டி பிடித்து அந்தக் கதையின் வழியே போனார்கள். இன்று டப்ளினில் அது ஊர்த் திருவிழா. இல்லாத மனிதன் நடந்த வழியில் இருக்கிற மனிதர்கள் நடக்கிறார்கள்.

அதே ஜூன் 16, 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். பழைய பிரிக்பீல்ட்ஸ் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். தினமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பஸ் ஏறுகிறோம், பூ வாங்குகிறோம், வாழை இலைச் சாப்பாடு சாப்பிடுகிறோம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று நம் மக்களை நடுத்தெருவில் விட்ட காலத்தில், 1960-இல், அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. கூலிக்கு மரம் வெட்டியவன் அந்தத் தோட்டத்துக்கே பங்குதாரன் ஆனான். அரசியலில் அவரோடு உங்களுக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். அந்தப் பத்து வெள்ளி உங்கள் பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து வந்தது என்பதை மறக்கலாமா?

படத்தில் இல்லாத பெண்

டப்ளினில் 1916-இல் பியர்ஸ் சரணடைந்தபோது எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. வெள்ளைக் கொடியோடு குண்டு மழைக்கு நடுவே போய்ப் பேச்சைத் தொடங்கியவர் எலிசபெத் ஓஃபாரல் என்ற தாதி. படத்தில் அவர் பியர்ஸுக்கு மறுபுறம் மறைந்து நிற்கிறார், காலும் ஆடையின் ஓரமும்தான் தெரியும். பிறகு அச்சிட்ட சில படங்களில் அந்தக் காலையும் அழித்துவிட்டார்கள். நினைவைப் போற்றும் நாட்டிலும் பெண்ணை மறைப்பது நடந்திருக்கிறது.

நம் கதையில்? 1941-இல் கூலி நின்றபோது அடுப்பெரித்தவர் யார்? பெண்கள் மீது கை வைக்காதே என்ற கோரிக்கைக்குப் பின்னால் எத்தனை பெண்களின் கண்ணீர் இருந்திருக்கும்? அவர்கள் பெயர் எங்கே? 1943-இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் கோலாலம்பூர்ப் பெண் ஜானகி சேர்ந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர், 2014-இல் மறைந்தார். அவர் பெயராவது இருக்கிறது. அவரோடு போன தோட்டத்துப் பெண்கள் பலரின் பெயர் அவர்கள் குடும்பத்துக்கு வெளியே தெரியாது. அந்த நேதாஜியும் 1936-இல் டப்ளின் போய், 1916-இல் தப்பிப் பிழைத்த டி வலேராவைச் சந்தித்து வந்தவர்தான்.

சயாம் மரண ரயிலுக்குப் போனவர்களை எண்ணிப் பாருங்கள். 1943 அக்டோபர் 17-ஐ ஒட்டி இரண்டு பக்கத் தண்டவாளமும் இணைந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் ஆயிரமாயிரமாக மாண்டார்கள். காஞ்சனபுரியில் போய்ப் பாருங்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல் வரிசை வரிசையாக இருக்கிறது. நம் ஆளுக்கு ஆளுக்கொரு கல் இல்லை.

நாம் பார்த்த நாள்

நம் கண்ணெதிரே நடந்த நாளும் ஒன்று உண்டு. 2007 அக்டோபர் இறுதியில் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிபட்டது. 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டோம். கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீரங்கி. டிசம்பரில் ஐந்து பேரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைத்தார்கள். அந்தச் சட்டம் 2012-இல் ரத்தாகிவிட்டது. அன்று போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இப்போது வாலிபராக இருப்பவர்கள் அன்று கைக்குழந்தைகள். அவர்களுக்கு அந்த நாளைச் சொன்னீர்களா? நாம் கண்ணால் பார்த்ததையே சொல்லாவிட்டால், பாட்டன் காலத்து 1941-ஐ யார் சொல்வது?

செய்ய வேண்டியவை

இவற்றுக்குப் பணம் தேவையில்லை. யாரிடமும் அனுமதியும் தேவையில்லை.

முதலாவது: ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் எடுங்கள். பாட்டன் பாட்டி பெயர், சொந்த ஊர், இருந்த தோட்டம், டிவிஷன், லயம், கங்காணி பெயர், கும்பிட்ட கோயில், பிரட்டுக்கு எழுந்த நேரம், வாங்கிய கூலி, எல்லாவற்றையும் எழுதுங்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகி இருக்கலாம். கோயிலும் பள்ளியும் இடம் மாறியிருக்கலாம். பெயர் நோட்டில் இருந்தால் யாரும் இடிக்க முடியாது. வீட்டில் 80 வயதைத் தாண்டியவர் இருந்தால் இந்த வாரமே உட்காருங்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்து கொள்ளுங்கள்.

இரண்டாவது: நாள்காட்டியில் பேனாவால் எழுதுங்கள். மே 3 வீரசேனன். மே 4 கணபதி. மே 16 கிள்ளான். ஜூன் 16 சம்பந்தன். அக்டோபர் 17 சயாம் ரயில். அக்டோபர் 21 முதல் தமிழ் வகுப்பு. நவம்பர் 25. உங்கள் தோட்டத்துக்கென்று ஒரு நாள் இருந்தால் அதையும் சேருங்கள்.

மூன்றாவது: அந்த நாட்களில் சாமி விளக்கேற்றும்போது பெயரைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் கதை சொல்லுங்கள். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் மே 16-ஐ ஒட்டிய வெள்ளிக்கிழமையில் மாண்ட தொழிலாளர்களுக்காக ஓர் அர்ச்சனை செய்யுங்கள். மாண்ட ஐவரும் யாருடைய பாட்டனோ. பள்ளியில் இருப்பவர்கள் ஆசிரியர் தினத்தன்றே சபைகூடலில் இதைச் சொல்லலாம். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று கேட்டதும் அவர்கள்தானே!

2041-இல் கிள்ளான் போராட்டத்துக்கு நூறு வயது. அன்று சாட்சி சொல்ல யாரும் உயிரோடு இருக்கப் போவதில்லை. நோட்டுப் புத்தகங்கள்தான் சாட்சி சொல்ல வேண்டும். ஒரு தாமானுக்குப் பத்து நோட்டு இருந்தால் போதும். கிள்ளான், காப்பார், பந்திங், ரவாங் என்று சேர்த்தால் ஒரு வரலாறே எழுந்துவிடும். அப்போது நினைவுக் கல் கேட்டு மனுக் கொடுக்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போக மாட்டார்கள்.

தொடங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பாட்டியின் பெயரை எழுதுங்கள்.